வரிசை யார் கையில்? அலுவலக வலையமைப்பில் அச்சுப்பொறி: பெரியகுளத்தை முன்வைத்து

பல கணினிகளுக்கு ஒரே அச்சுப்பொறியைப் பொதுவாக்குவது எப்படி என்பது அலுவலகக் கணினிமயத்தின் மிகப் பழைய கேள்விகளுள் ஒன்று. பழையதாக இருந்தும் இன்னும் தீராத கேள்வி. பொறிகள் மலிந்துவிட்டன, கேபிளின் இடத்தை வைஃபை பிடித்துக்கொண்டது, இயங்குதளங்கள் பல தலைமுறைகளைக் கடந்துவிட்டன. ஆயினும் ‘பிரிண்ட் கொடுத்தேன், வரவில்லை’ என்ற முறையீடு கேட்காத அலுவலகம் அரிது. கருவியின் கோளாறாகவே பெரும்பாலும் கருதப்படும் இம்முறையீட்டின் வேரை ஆராய்ந்தால், அச்சுப்பணிகள் காத்திருக்கும் வரிசை எந்த இடத்தில் நிற்கிறது, அதற்கு யார் பொறுப்பு என்பன முடிவுசெய்யப்படாமல் விடப்பட்டிருப்பதே பெரும்பாலும் தெரியவருகிறது. பொறியை எவ்வாறு இணைப்பது என்பதைவிட இதுவே முதன்மையான கேள்வி என்பது இக்கட்டுரையின் நிலைப்பாடு.

இதைப் பொதுவில் பேசுவதைவிட ஓர் ஊரை முன்வைத்துப் பேசுவது தெளிவு தரும். 1996ஆம் ஆண்டு அரசாணையால் மதுரை மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டு 1997 சனவரி முதல் இயங்கத் தொடங்கிய தேனி மாவட்டத்தில், ஆட்சியரகம் தேனி நகரில் அமைந்தாலும், வருவாய்க் கோட்டமொன்றின் தலைமையிடமாகப் பெரியகுளம் தொடர்ந்தது. கோட்ட அலுவலகம், வட்டாட்சியர் அலுவலகம், நகராட்சி, சார்பதிவாளர் அலுவலகம், நீதிமன்றங்கள், அரசு மருத்துவமனை, தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தோட்டக்கலைக் கல்லூரி என நாள்தோறும் காகிதம் பிறக்கும் இடங்கள் இவ்வூரிலும் இதைச் சுற்றியும் நெருக்கமாக உள்ளன. இவற்றை அண்டி வாழும் பத்திர எழுத்தர்கள், வழக்கறிஞர்கள், தணிக்கையாளர்கள், மாங்காய் மண்டிக்காரர்கள், இ-சேவை மையத்தார் ஆகியோரின் சிறு அலுவலகங்கள் வராக நதியின் இரு பக்கமும், வடகரையிலும் தென்கரையிலும், பரவியிருக்கின்றன. தனியாக ஒரு கணினித் துறையை வைத்துக்கொள்ள இயலாத, ஆனால் மூன்று முதல் பத்து கணினிகள் வரை இயங்குகிற இத்தகைய அலுவலகங்களே தமிழ்நாட்டில் மிகுதி என்பதால், இங்குப் பொருந்தும் தீர்வு பிற வட்டத் தலைநகரங்களுக்கும் பெரிதும் பொருந்தும்.

அச்சுப்பொறியும் வலையமைப்பும் ஒரே காலத்தில் ஒரே கூரையின் கீழ் வளர்ந்தவை. 1970களின் தொடக்கத்தில், கலிபோர்னியாவில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வகத்தில், கேரி ஸ்டார்க்வெதர் லேசர் அச்சுப்பொறியை உருவாக்கிய அதே ஆண்டுகளில், ராபர்ட் மெட்காஃபும் அவருடைய கூட்டாளிகளும் ஈதர்நெட் என்ற கேபிள் வலையமைப்பை உருவாக்கினர். ஒருவருக்கு ஒன்று என்று வைக்க முடியாத அளவுக்கு விலை மிகுந்த பொறியை எல்லோருடைய மேசைக்கும் எட்டச் செய்யவேண்டியிருந்தது ஈதர்நெட் பிறந்ததற்கான காரணங்களுள் ஒன்று. தமிழ்நாட்டின் சிறு அலுவலகங்களுக்கோ 1990களில் அந்த வசதி வாய்க்கவில்லை. கணினியின் பின்புறத்திலிருந்து தடித்த கேபிள் வழியே ஒரு டாட் மேட்ரிக்ஸ் பொறி இணைந்திருக்கும். இரண்டாவது கணினிக்கும் அது தேவைப்பட்டால், குமிழைத் திருப்பி ‘ஏ’ அல்லது ‘பி’ எனத் தேர்ந்தெடுக்கும் பெட்டியொன்று நடுவில் வைக்கப்படும். அந்தப் பெட்டிக்கு ஒரு நன்மை இருந்தது: அந்த நேரத்தில் பொறி யாருடையது என்பதில் யாருக்கும் ஐயம் எழாது.

இன்றைய ஏற்பாட்டில் அந்தத் தெளிவு இல்லை. ஒருவர் அச்சிடக் கட்டளை கொடுத்ததும் ஆவணம் நேரே பொறிக்குப் போவதில்லை. ஸ்பூலர் எனப்படும் மென்பொருள் அதை ஒரு தற்காலிகக் கோப்பாக வட்டில் எழுதி வைத்துக்கொண்டு, பொறி ஓய்வாக இருக்கும்போது சிறிது சிறிதாக அனுப்புகிறது. இக்கோப்புகள் காத்திருக்கும் இடமே வரிசை. அந்த வரிசை ஒவ்வொரு கணினியிலும் தனித்தனியே இருக்கலாம், அல்லது ஒரே கணினியில் எல்லோருக்குமாக இருக்கலாம், அல்லது பொறிக்குள்ளேயே இருக்கலாம். முதல் கோப்பு சிக்கிக்கொண்டால் பின்னால் நிற்பவை அனைத்தும் நின்றுவிடும் என்பதால், அந்த வரிசையைத் திறந்து பார்க்கவும் சிக்கியதை நீக்கவும் யாருக்கு உரிமை உண்டு என்பதும் உடன் எழும் கேள்வியாகிறது.

நடைமுறையில் மிகுதியாகக் காணப்படும் ஏற்பாடு, யூ.எஸ்.பி. கேபிளால் ஒரு கணினியில் இணைத்த பொறியை அந்தக் கணினியிலிருந்து மற்றவற்றுக்கு ‘ஷேர்’ போடுவதாகும். செலவே இல்லை என்பது இதன் கவர்ச்சி. ஆனால் இதன் விலை பிறகுதான் தெரிகிறது: பொறியைத் தாங்கும் கணினிக்குரியவர் விடுப்பில் போனால் அலுவலகம் முழுவதும் அச்சின்றி நிற்கும், அவருடைய கணினியின் பெயரோ கடவுச்சொல்லோ மாறினால் மற்றவர்களின் இணைப்பு அறும். யூ.எஸ்.பி. 2.0 கேபிளின் நீளம் 5 மீட்டரைத் தாண்டக்கூடாது என்பதால் பொறி எங்கே நிற்பது என்பதையும் அந்த ஒரு மேசையே தீர்மானித்துவிடுகிறது. ஈதர்நெட் கேபிளோ 100 மீட்டர் வரை போகும்.

இதற்கு மாற்று, பொறிக்கே வலையமைப்பில் தனி இருப்பிடம் கொடுப்பது. வலையமைப்பு வசதியுள்ள பொறியை ஸ்விட்ச் எனப்படும் இணைப்புப் பெட்டியில் நேரே செருகினால், அது எந்தக் கணினியின் தயவுமின்றி ஓர் உறுப்பினராகிவிடும். அங்கு முதலில் எழுவது முகவரிச் சிக்கல். வலையமைப்பிலுள்ள ஒவ்வொரு கருவிக்கும் ஐ.பி. முகவரி என்ற எண் வேண்டும்; சிறு அலுவலகங்களில் இணையச் சேவையாளர் தந்த ரவுட்டரே டி.எச்.சி.பி. என்ற முறைப்படி இவ்வெண்ணைத் தற்காலிகமாக ஒதுக்குகிறது. மின்சாரம் போய்த் திரும்பியபின் பொறிக்கு வேறு எண் கிடைத்துவிட்டால், பழைய எண்ணுக்கே ஆவணத்தை அனுப்பிக்கொண்டிருக்கும் கணினிகள் பொறி ‘ஆஃப்லைன்’ என்று அறிவிக்கும். பொறியோ விளக்கு எரிந்தபடி, எந்தக் குறையுமின்றி, காத்திருக்கும். மின்தடையும் மின்னலும் பழகிப்போன மலையடிவார ஊரில் இது அடிக்கடி நேரக்கூடியது.

தீர்வு எளிது, ஆனால் முன்கூட்டிச் செய்யவேண்டியது. ரவுட்டர் 192.168.1.100 முதல் 192.168.1.199 வரையிலான எண்களைத் தானே வழங்குமானால், அந்த எல்லைக்கு வெளியே, எடுத்துக்காட்டாக 192.168.1.50 என்ற எண்ணைப் பொறியின் பலகையிலேயே நிலையாகப் பதித்துவிடலாம். இதைவிடச் சிறந்தது, ஒவ்வொரு பொறிக்கும் தயாரிப்பாளர் இட்டுத் தரும் 12 இலக்க மேக் முகவரியை ரவுட்டரில் பதிந்து, அந்தப் பொறிக்கு எப்போதும் இந்த எண்ணே என்று ஒதுக்கிவைப்பது. அப்போது முகவரிகளின் பேரேடு ஒரே இடத்தில் இருக்கும், பொறியைத் தொழிற்சாலை அமைப்புக்குத் திருப்பினாலும் எண் மாறாது. பொறியின் மேல் அந்த எண்ணை ஒட்டிவைப்பது சிறு செயல்தான் என்றாலும், பழுதுபார்க்க வருபவருக்கு அதுவே முதல் துப்பு.

முகவரி நிலைபெற்றபின் கணினியும் பொறியும் எந்த முறையில் பேசிக்கொள்கின்றன என்பது அடுத்தது. 1990இல் ஆவணப்படுத்தப்பட்ட எல்.பி.டி. என்ற பழைய யூனிக்ஸ் முறை 515ஆம் வாயிலைப் பயன்படுத்துகிறது. வாயில் என்பது ஒரே முகவரியில் வெவ்வேறு பணிகளைப் பிரித்தறியும் எண். எச்.பி. நிறுவனத்தின் ஜெட்டைரக்ட் கருவிகளால் பரவிய 9100ஆம் வாயில் முறை, வந்த தரவை அப்படியே பொறியிடம் கொட்டிவிடுவது. விரைவானது, ஆனால் தாள் தீர்ந்ததா, அச்சு முடிந்ததா என்ற மறுமொழி அதில் ஏறக்குறைய இல்லை. 1999இல் முதல் வடிவம் வெளியான ஐ.பி.பி. என்ற இணைய அச்சு நெறிமுறை 631ஆம் வாயிலில் இயங்குகிறது. பொறி தன் தாள் அளவுகளையும், இருபக்க அச்சு வசதியையும், டோனர் நிலையையும் கணினியிடம் தானே சொல்ல இது இடமளிக்கிறது. புதிதாகப் பொறி வாங்கும் அலுவலகம் இந்த மூன்றாவது முறையையே நாடவேண்டும் என்பதில் இன்று பெரிய கருத்து வேறுபாடு இல்லை.

விண்டோஸ் கணினிகளில் இன்னொரு நுட்பம் கவனிக்கத்தக்கது. ‘பொறியைத் தேடு’ என்று பணித்தால் இயங்குதளம் பல நேரங்களில் டபிள்யூ.எஸ்.டி. எனப்படும் தானியங்கிக் கண்டறிதல் வழியாக இணைப்பை அமைத்துவிடும். அறிவிப்புச் செய்திகள் தொலைந்தால் அந்த இணைப்பும் தடுமாறும். ஐ.பி. எண்ணைக் கையால் எழுதிச் சேர்ப்பதே உறுதியானது. அப்படிச் சேர்த்தபின்னும் நல்ல நிலையிலுள்ள பொறி ‘ஆஃப்லைன்’ எனக் காட்டினால், எஸ்.என்.எம்.பி. நிலை விசாரிப்பு என்ற தேர்வுப் பெட்டியில் குறி நீக்கிப் பார்ப்பது பட்டறிவுள்ளோர் வழக்கம். பொறி அந்த விசாரிப்புக்கு மறுமொழி தராதபோது கணினி அதை இறந்ததாகக் கருதிவிடுகிறது.

டிரைவர் எனப்படும் இயக்கி மென்பொருளைப் பற்றிய குழப்பம் மிகப் பெரிது. பக்கத்தின் வடிவத்தைப் பொறிக்குப் புரியும் மொழியில் எழுதித் தருவது இயக்கியின் வேலை. 1984இல் வெளிவந்த போஸ்ட்ஸ்கிரிப்ட்டும் பி.சி.எல்.லும் பொறி தானே புரிந்துகொள்ளும் பக்க மொழிகள். அவை தெரிந்த பொறி எந்தக் கணினியோடும் எளிதில் இணங்கும். விலை குறைந்த பொறிகளிலோ அந்த அறிவு பொறியில் இல்லை. கணினியே பக்கம் முழுவதையும் புள்ளிகளாக்கி, தயாரிப்பாளருக்கு மட்டுமே உரிய மறைமொழியில் அனுப்பவேண்டும். இந்திய அலுவலகங்களில் பெருமளவு புழங்கிய எச்.பி. லேசர்ஜெட் 1020, கேனன் எல்.பி.பி. 2900 ஆகியவை இந்த வகை. இவற்றில் 1020, ஒவ்வொரு முறை மின்சாரம் வந்ததும், தன் உள்மென்பொருளையே கணினியிலிருந்து பெற்றுக்கொள்வது. ஆகவே இவற்றை மலிவான யூ.எஸ்.பி. வலைப்பெட்டி ஒன்றில் செருகிப் பொதுவாக்க முயல்வது பெரும்பாலும் தோல்வியில் முடிகிறது. உழைப்பில் குறையாத பொறிகள், ஆனால் ஒரு கணினியோடு வாழப் பிறந்தவை.

தமிழ் அச்சு இந்தக் குழப்பத்தை மேலும் ஆழமாக்குகிறது. பொதுவான கையேடுகள் இதைத் தொடுவதில்லை என்பதால் சற்று விரிவாகச் சொல்லவேண்டியுள்ளது. டாட் மேட்ரிக்ஸ் பொறியின் நினைவகத்தில் உரோமன் எழுத்துகள் முன்பே பதிந்திருக்கும். கணினி ‘65’ என்ற எண்ணை அனுப்பினால் பொறி தானே அதற்குரிய எழுத்தை அடித்துவிடும். தமிழ் எழுத்து பெரும்பாலான பொறிகளில் அவ்வாறு பதிந்திருக்கவில்லை. ஆகவே தமிழை எப்போதும் படமாகத்தான் அனுப்பவேண்டியிருந்தது. மண்டிகளிலும் கடைகளிலும் கார்பன் நகலோடு பில் அடிக்க இன்றும் இயங்கும் பழைய மென்பொருள்கள் விரைவுக்காக வெறும் எழுத்தெண்களை அனுப்புவதால், அவற்றில் யூனிக்கோடு தமிழை இட்டால் கேள்விக்குறிகளே தாளில் விழும். குற்றம் கேபிளிலும் இல்லை, பொறியிலும் இல்லை.

யூனிக்கோடு தமிழில் ‘கொ’ என்ற எழுத்து நினைவகத்தில் மெய்யும் உயிர்க்குறியுமாக இருக்கும். திரையிலும் தாளிலும் அக்குறி இரண்டாகப் பிரிந்து மெய்யின் இரு பக்கமும் நிற்கவேண்டும். இந்தப் பிரித்தடுக்கும் வேலையைக் கணினியிலுள்ள எழுத்துரு இயந்திரம் செய்கிறதே ஒழிய, பொறி செய்வதில்லை. ஆதலால் கணினி ஆவணத்தை முழுவதும் வரைந்து முடித்து, படமாகவோ எழுத்துரு பொதிந்த பி.டி.எஃப்.பாகவோ அனுப்பும் இயக்கியே தமிழுக்கு ஏற்றது. தமிழ்நாட்டு அலுவலகங்களில் இன்னொரு மரபுச் சுமையும் உண்டு: 1999இல் தமிழ்நாடு அரசு டாம், டாப் என்னும் எட்டு பிட் குறியீடுகளை ஏற்றதும், அதற்கு முன்பும் பின்பும் வானவில், பாமினி போன்ற எழுத்துருக்களில் கோப்புகள் குவிந்ததும், 2010இல் அரசு யூனிக்கோடுக்கு வந்தபின்னும் பழைய கோப்புகள் எஞ்சியதும் தெரிந்த வரலாறு. அத்தகைய கோப்பை எழுத்துரு இல்லாத கணினியில் திறந்து அச்சிட்டால் உரோமன் எழுத்துக் குவியலே வரும். அலுவலகமோ பொறியை மாற்றிப் பார்க்கும். அதன் தீர்வு வலையமைப்பில் இல்லை. எழுத்துருவைப் பொதிந்து பி.டி.எஃப். ஆக்கி அனுப்புவதிலோ, கோப்பை யூனிக்கோடுக்கு மாற்றுவதிலோ இருக்கிறது.

வரிசையின் கேள்வி எவ்வளவு கூர்மையானது என்பதைப் பத்திர எழுத்தரின் அலுவலகத்தைப்போல் காட்டும் இடம் வேறில்லை. மூன்று கணினிகள், ஒரு லேசர் பொறி, ஒரே வரிசை. ஒருவர் முத்திரைத்தாளைப் பொறியின் முன்வாயில் வைத்துவிட்டுத் தன் மேசைக்குத் திரும்புவதற்குள், பக்கத்து மேசையிலிருந்து வேறொருவர் பட்டா நகலுக்குக் கட்டளை கொடுத்துவிடுகிறார். பல சிறிய லேசர் பொறிகள் முன்வாயில் இருக்கும் தாளையே முதலில் இழுப்பவை. பட்டா நகல் முத்திரைத்தாளில் விழுந்துவிடும். கெட்டுப்போன முத்திரைத்தாளுக்குத் தொகை திரும்பப் பெற 1899ஆம் ஆண்டின் இந்திய முத்திரைச் சட்டத்தில் வழி உண்டென்றாலும், அதற்கு மனுவும் கால வரம்பும் உண்டு. இரண்டாவது பொறி வாங்காமலேயே இதைத் தடுக்கலாம்: ஒரே பொறிக்குக் கணினியில் இரண்டு வரிசைகளை உருவாக்கி, ‘வெள்ளைத்தாள்’ என்ற வரிசையைக் கீழ்த்தட்டோடும் ஏ4 அளவோடும், ‘முத்திரைத்தாள்’ என்ற வரிசையைக் கையால் செலுத்தும் வாயோடும் லீகல் அளவோடும் பிணைத்து, இரண்டாவதை ஒரே கணினிக்கு மட்டும் திறந்துவைப்பது. வெள்ளைத்தாள் பணி கீழ்த்தட்டையே கேட்கும்படி அமைந்தால் முன்வாயில் உள்ள தாள் தப்பும். இந்தத் தட்டுத் தேர்வைப் பொறி மதிக்கிறதா என்பதை வாங்கும்போதே சோதிக்கவேண்டும். தட்டே ஒன்றாக இருக்கும் பொறியில் இந்த உத்தி செல்லாது. இயல்பிருப்பாக ‘லெட்டர்’ என்ற அமெரிக்கத் தாள் அளவு நின்றுவிடுவதும் இங்கே கவனிக்கவேண்டியது. ஏ4 தாள் நிறைய இருந்தும் தாள் கேட்டுக் கண்சிமிட்டும் பொறிகள் பலவற்றின் நோய் அதுவே.

மின்சாரம் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். லேசர் பொறியின் ஃபியூசர் எனப்படும் சூடேற்றும் பகுதி ஏறத்தாழ 200 டிகிரி செல்சியசுக்குச் சூடாகும்போது பல நூறு வாட் மின்சாரத்தை ஒரே கணத்தில் இழுக்கும் என்பதால், 600 வி.ஏ. அளவுள்ள சிறு யு.பி.எஸ்.ஸில் அதை இணைத்தால் உடன் இணைந்த கணினிகளும் அணையும். மாறாக, ஸ்விட்சையும் ரவுட்டரையும் யு.பி.எஸ்.ஸில் கட்டாயம் வைக்கவேண்டும். மை தொட்டிப் பொறிகள் குறைந்த மின்சாரத்தில் ஓடுவதால் அவற்றையும் வைக்கலாம். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் ஈரமேறிய தாள் சுருண்டு சிக்குவதை வலையமைப்புக் கோளாறு என்று எண்ணி நாளைக் கழிப்பதும் உண்டு. வைஃபை வழியே பொறியை இணைப்போர், குறைந்த விலைப் பொறிகள் பல 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை மட்டுமே அறியும் என்பதை நினைவில் கொள்வது நல்லது.

கணினி வழியே ஷேர் போடும் பழைய முறைக்கு 2021க்குப் பின் காலம் கடினமாகிவிட்டது. அவ்வாண்டு சூலையில் விண்டோஸ் ஸ்பூலரில் வெளிப்பட்ட ‘பிரிண்ட்நைட்மேர்’ என்ற பாதுகாப்பு ஓட்டை, வலையமைப்பில் நுழைந்த எவரும் இயக்கி என்ற போர்வையில் தீய நிரலைக் கணினியில் ஏற்ற வழிசெய்தது. அதை அடைக்க மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட திருத்தங்கள், நிர்வாகி உரிமையின்றி இயக்கியை நிறுவுவதைத் தடுத்தன. தொடர்ந்து வந்த மற்றத் திருத்தங்கள் பழைய வகைத் தொடர்புகளை மறுத்தன. அலுவலகங்களில் திடீரெனத் தோன்றிய 0x0000011பி என்ற பிழை எண்ணின் பின்னணி இதுதான். விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்பு கடவுச்சொல்லற்ற விருந்தினர் அணுகலையும் மேலும் இறுக்கியது. பாதுகாப்பை விலக்கிப் பழைய நிலைக்குத் திருப்பும் பதிவேட்டுத் திருத்தங்களைக் கணினி பழுதுபார்ப்போர் தருவது எளிய வழிதான். குடிமக்களின் சாதிச் சான்று, வருமானச் சான்று, வழக்குக் கட்டு ஆகியவை ஓடும் வலையமைப்பில் அது தவறான வழி.

பொறியே தனியாக வலையமைப்பில் நிற்கும்போதும் பாதுகாப்பு தானாக வந்துவிடாது. 2018இல் ஒருவர் இணையத்துக்குத் திறந்து கிடந்த 9100ஆம் வாயில்களைத் தேடி, உலகெங்கும் ஏறத்தாழ 50,000 அச்சுப்பொறிகளில் ஒரு யூடியூபருக்கான விளம்பரத்தை அச்சிட்டுக் காட்டினார். ரவுட்டரில் வெளிவாயில்களைத் திறக்காதிருத்தல், பொறியின் நிர்வாகக் கடவுச்சொல்லைத் தொழிற்சாலை நிலையிலேயே விட்டுவிடாதிருத்தல், உள்வட்டு உள்ள பெரிய பொறியைப் பழையதாக விற்குமுன் அந்த வட்டைத் துடைத்தல் ஆகியவை குறைந்தபட்ச முறைகள். வடகரையில் தலைமை அலுவலகமும் தென்கரையில் கிளையும் வைத்திருப்பவர், கிளையிலிருந்து தலைமை அலுவலகப் பொறிக்கு அச்சனுப்ப விரும்பினால், வாயிலைத் திறப்பதற்குப் பதிலாக வி.பி.என். எனப்படும் மறைகுறியாக்கப்பட்ட தனித் தடத்தை இரு ரவுட்டர்களுக்கிடையே அமைக்கவேண்டும்.

அரசு அலுவலகங்களின் நிலை வேறு. அவற்றுள் பலவும் எல்காட் நிறுவனம் நிர்வகிக்கும் தமிழ்நாடு மாநிலப் பரப்பு வலையமைப்பில் இணைந்தவை. அங்கு முகவரி ஒதுக்கும் அதிகாரம் அலுவலகத்துக்கு வெளியே இருப்பதால், ஓர் எழுத்தர் தானாக ஓர் எண்ணைப் பொறியில் பதிப்பது வேறொரு கருவியின் எண்ணோடு மோதிவிடக்கூடும். சிறு தனியார் அலுவலகத்தில் யாருமே பொறுப்பில்லாததும், அரசு அலுவலகத்தில் பொறுப்பானவர் தொலைவில் இருப்பதும் ஒரே விளைவில் முடிகின்றன: கடைசியில் யாரோ ஒருவரின் மேசையில் யூ.எஸ்.பி. கேபிள் செருகப்படுகிறது. அலுவலகத்துக்குள்ளேயே ஒருவருக்கு எழுத்து வடிவில் இப்பொறுப்பைத் தந்து, முகவரிப் பட்டியலையும் நிர்வாகக் கடவுச்சொல்லையும் வரிசையை நீக்கும் உரிமையையும் அவரிடம் ஒப்படைப்பது, புதுப் பொறி வாங்குவதைவிடப் பயன் தரும்.

இந்தப் பொறுப்பாளருக்கு வருங்காலத்தில் வேலை குறையுமா கூடுமா என்பது பழைய பொறிகளைப் பொறுத்தது. 2023 செப்டம்பரில் மைக்ரோசாஃப்ட், தயாரிப்பாளர்களின் தனித்தனி இயக்கிகளை விண்டோஸ் அப்டேட் வழியே வழங்குவதைப் படிப்படியாகக் கைவிட்டு, ஐ.பி.பி. வழியிலான பொது இயக்கிக்கு முதலிடம் தரப்போவதாக அறிவித்தது. பொது அச்சுத் தரங்களுக்கான மோப்ரியா கூட்டமைப்பின் சான்று பெற்ற புதிய பொறிகளுக்கு இது நல்ல செய்தி. 1020, 2900 போன்றவற்றுக்கு அல்ல. அவற்றைக் கைவிட மனமில்லாத அலுவலகம், ராஸ்பெர்ரி பை போன்ற சிறு கணினியொன்றில் லினக்சையும், மைக்கேல் ஸ்வீட் உருவாக்கி 1999இல் முதலில் வெளியான கப்ஸ் என்ற கட்டற்ற அச்சு மென்பொருளையும் நிறுவி, பழைய பொறியை அதில் யூ.எஸ்.பி.யால் இணைத்து, மற்றக் கணினிகளுக்கு அதை ஐ.பி.பி. பொறியாகக் காட்டலாம். 1020க்கு ‘ஃபூடூஇசட்ஜெஎஸ்’ என்ற கட்டற்ற இயக்கி கிடைக்கிறது, பொறிக்கு மின்சாரம் வந்ததும் உள்மென்பொருளை ஏற்றிவிடும் ஏற்பாடும் அதில் உண்டு; 2900இன் மறைமொழிக்கு லினக்சில் ஆதரவு நலிந்தது என்பதால், அதை வைத்திருப்பவர் ஓர் ஆள் மட்டும் அச்சிடும் மேசைக்கு அதை ஒதுக்கிவிடுவதே சிக்கனமான முடிவு.